வயதாகும் மூளையை மன அழுத்தம் என்ன செய்கிறது, தியானம் எங்கே கைகொடுக்கும்: முழுமையான வழிகாட்டி

அறுபதைத் தாண்டிய ஒருவர் தியானம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் மறதி பற்றிய பயம் இருக்கும். தெரிந்தவரின் பெயர் சட்டென்று வரவில்லை. இந்த அறைக்குள் எதற்கு வந்தோம் என்பது மறந்துவிட்டது. பேச்சின் நடுவில் ஒரு சொல் நழுவிவிட்டது. தியானம் செய்தால் மூளை இளமையாகிவிடும் என்று எங்கேயோ படித்ததும், சரி, செய்துதான் பார்ப்போமே என்று தோன்றுகிறது.

அந்த வாக்குறுதியை நம்பி மட்டும் உட்காராதீர்கள். சுருங்கிய மூளையைத் தியானம் பழையபடி ஆக்கிவிடும் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை. ஆனால் ஒரு கவலை வந்தால் அது உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைத் தியானத்தால் குறைக்க முடியும். வயதாகும் மூளைக்கு அது சின்ன விஷயமல்ல. வந்து போகும் அழுத்தத்தை மூளை தாங்கிக்கொள்ளும், போகாமல் தங்கிவிடும் அழுத்தம்தான் அதை அரிக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தத் தங்கும் நேரத்தைப் பற்றியதுதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கெட்ட செய்தி ஒன்று போனில் வருகிறது. சில நொடிகளுக்குள் அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. இதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அதற்குப் பிறகு மெதுவாக நடப்பதுதான் நம் கண்ணில் படுவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. செய்தி வந்து ஏறத்தாழ 20, 30 நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்குப் போகும். நாம் போனை வைத்துவிட்டு வேறு வேலையில் இறங்கியிருப்போம், உடம்பு மட்டும் அந்தச் செய்தியை விட்டு வந்திருக்காது.

கார்டிசாலை எதிரியாகப் பார்க்க வேண்டாம். காலையில் கண் விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் அது ஏறுவது பகல் வேலைக்கு உடம்பைத் தயார்படுத்துகிறது. நள்ளிரவை ஒட்டி அது நன்றாக இறங்கிவிட வேண்டும். வயதாக ஆக இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிறது, மாலையிலும் இரவிலும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. அதோடு தீராத கவலையும் சேர்ந்துகொண்டால், படுக்கப் போகும் நேரத்திலும் உடம்பு பகலைப் போலவே விழித்திருக்கிறது.

கார்டிசால் போதும், இனி நிறுத்து என்று தகவல் கொடுக்கும் இடங்களில் முக்கியமானது ஹிப்போகாம்பஸ். மூளையின் இரு பக்கத்திலும், காதுக்கு உட்புறமாக ஆழத்தில் இருக்கும் சிறிய பகுதி இது. புதிய நினைவுகளைப் பதிய வைப்பதும் இதன் வேலைதான். 1968இல் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவனும் அவருடைய சகாக்களும், எலிகளில் அட்ரினல் சுரப்பியின் அழுத்த ஹார்மோன் ஹிப்போகாம்பஸில் போய்ப் பிடித்துக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். நினைவுக்குப் பொறுப்பான இடமும் அழுத்தத்தின் பிரேக்கும் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். கார்டிசால் நெடுநாள் கூடுதலாகவே இருந்தால் ஹிப்போகாம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் குறுகுகின்றன. குறுகினால் பிரேக் தளர்கிறது. பிரேக் தளர்ந்தால் கார்டிசால் இறங்க இன்னும் நேரமாகிறது. ராபர்ட் சபோல்ஸ்கி, மெக்யூவன் உள்ளிட்டோர் 1986இல் முதுமையோடு இணைத்து முன்வைத்த கருதுகோள் இந்தச் சுழலைப் பற்றியதுதான்.

அது பெரும்பாலும் எலிகளை வைத்துச் சொன்னது. மனிதர்களில் என்ன என்று பார்த்த ஆய்வாளர்களில் சோனியா லூப்பியன் முக்கியமானவர். முதியவர்களின் கார்டிசாலைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து 1998இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில், கார்டிசால் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போய் உயர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் கன அளவு மற்றவர்களைவிட 14 சதவீதம் குறைவாக இருந்தது. நினைவுச் சோதனைகளிலும் அவர்கள் பின்தங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் அது காட்டிய திசை கவனிக்க வேண்டியது.

இன்னும் இரண்டு இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, திட்டமிடவும் கவனத்தை நிறுத்தவும் வாயை அடக்கவும் உதவுகிறது. நீடித்த அழுத்தத்தில் இங்கேயும் கிளைகள் குறுகுகின்றன. பயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலாவில் நேர்மாறாக நடக்கிறது. பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2002இல் எலிகளிடம் கண்டது இது: ஒரே அழுத்தம் ஹிப்போகாம்பஸில் கிளைகளைக் குறுக்கியது, அமிக்டலாவில் வளர்த்தது. ஆக, யோசிக்கும் பகுதி மெலிகிறது, பயப்படும் பகுதி கொழுக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2010இல் மெக்யூவனும் பங்கேற்ற ஓர் ஆய்வின் முடிவு. அழுத்தத்தை நீக்கியதும் இளம் எலிகளின் முன்மூளைக் கிளைகள் திரும்ப வளர்ந்தன, வயதான எலிகளில் அப்படி வளரவில்லை. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் அழுத்தத்திலிருந்து மீண்டு வருவதை 30 வயதில் உடம்பே பார்த்துக்கொள்ளும், 70 வயதில் நாம் கொஞ்சம் உதவ வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

படி 1: மறதியைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு கூட்டத்தில் பழைய சக ஊழியர் ஒருவர் எதிரே வருகிறார். முகம் நன்றாகத் தெரிகிறது. எந்தப் பிரிவில் வேலை பார்த்தார், எந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார் என்பதுகூட ஞாபகம் வருகிறது. பெயர் மட்டும் வரவில்லை. முதல் எழுத்து நாக்கு நுனியில் நிற்கிறது. அவர் இன்னும் நாலு அடியில் வந்துவிடுவார். "ஐயோ, எனக்கும் அந்த நோய் ஆரம்பித்துவிட்டதோ" என்ற எண்ணம் பளிச்சென்று வருகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அந்த நொடியில் பெயர் சுத்தமாகத் தொலைந்துபோகிறது. அவர் பேசிவிட்டுப் போய், நாம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, யாரும் கேட்காமலே அந்தப் பெயர் வந்து நிற்கிறது.

பெயர் மூளையில்தான் இருந்தது, எடுப்பதற்குத்தான் பதற்றம் விடவில்லை. கார்டிசால் கூடும்போது ஏற்கெனவே பதிந்ததை மீட்டெடுப்பது கடினமாகிறது என்பதை மனிதர்களுக்கு கார்டிசோன் மாத்திரை கொடுத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே மறதியைப் பற்றிய பயமே மறதியைக் கூட்டுகிறது. பெயர்கள் தாமதமாக வருவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கச் சிரமப்படுவது, புதிய விஷயத்தைக் கற்க முன்பைவிட நேரமாவது ஆகியவை சாதாரண முதுமையின் பகுதி. சொல்வளம் பெரும்பாலும் குறைவதில்லை.

ஆனால் பழகிய வழியில் தொலைந்துபோவது, ஒரே கேள்வியைச் சில நிமிடங்களில் மறுபடி மறுபடி கேட்பது, வழக்கமாகச் செய்த கணக்குவழக்கு திடீரென்று குழம்புவது, வீட்டில் இருப்பவர்கள் நமக்கு முன்பே மாற்றத்தைக் கவனிப்பது போன்றவை இருந்தால், தியானத்துக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும். சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு: வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்பு குறைவு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, காது சரியாகக் கேட்காதது, தூக்க மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வு. மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாக வராமல் மறதியாகவும் சலிப்பாகவும் வருவது உண்டு, அதனால்தான் அது தவறிப்போகிறது. இவற்றைப் பார்க்காமல் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நேர விரயம்.

படி 2: எது தங்குகிறது என்று பாருங்கள்

ஒரு வாரம், ஒரு சிறிய நோட்டில் இரவு படுக்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள். இன்று எது என்னைக் கலக்கியது? அது எவ்வளவு நேரம் கூடவே இருந்தது? எவ்வளவு பெரிய பிரச்சினை என்று எழுத வேண்டாம், எவ்வளவு நேரம் என்று மட்டும் எழுதுங்கள். காலையில் நடந்த ஒரு வாக்குவாதம் மதியம் வரை வந்ததா, தூங்கப் போகும்போதும் இருந்ததா?

வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். சில கவலைகளுக்குக் கையில் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கும்: தள்ளிப்போட்ட மருத்துவப் பரிசோதனை, பேசி முடிக்காத பணக் கணக்கு, மாற்ற வேண்டிய கண்ணாடி. அவற்றை முதலில் செய்யுங்கள். தீர்க்கக்கூடிய பிரச்சினையைத் தியானத்தால் பொறுத்துக்கொள்ளப் பழகுவது நல்லதல்ல.

வீட்டில் நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட தாய்மார்களை எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் குழு ஆராய்ந்து 2004இல் வெளியிட்டது. கவனிப்பில் ஆண்டுகள் கூடக்கூட அவர்களுடைய ரத்த அணுக்களில் குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் குட்டையாக இருந்தன. டெலோமியர் தேய்மானம் அணுக்கள் மூப்படைவதன் ஒரு அடையாளம். அழுத்தத்தை அதிகமாக உணர்ந்தவர்களிடமும் அப்படியே. இந்த நிலையில் இருப்பவருக்கு முதல் மருந்து, வாரத்தில் சில மணி நேரமாவது வேறு ஒருவர் பொறுப்பை ஏற்றுக்கொள்வதுதான். தியானம் அதற்கு அடுத்தது. "நீங்கள் தியானம் செய்யுங்கள், சரியாகிவிடும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு நகர்ந்துபோவது அநியாயம்.

இரண்டாவது வகை, ஏற்கெனவே நடந்து முடிந்தவையும் இன்னும் நடக்காதவையும். மகன் போன மாதம் சொன்ன ஒரு சொல், அடுத்த மாதம் வரப்போகும் ஸ்கேன் முடிவு. இவற்றில் இப்போது செய்ய ஒன்றுமில்லை, மனம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். தியானத்துக்கு வேலை இருப்பது இங்கேதான்.

படி 3: எதிர்பார்ப்பைச் சரியாக வையுங்கள்

ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால் ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் எப்படி நிதானப்பட்டது என்பது புரியும். 2005இல் சாரா லாசரின் குழு, பல ஆண்டு தியானம் செய்த 20 பேரின் மூளையைப் படம் எடுத்தது. முன்மூளையின் ஒரு பகுதியில், 40, 50 வயதுக்காரர்களின் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, இளையவர்களுடையதைப் போலவே தடிமனாக இருந்தது. 2011இல் 8 வார மைண்ட்ஃபுல்னஸ் (நடப்பதை அப்படியே கவனிக்கும் தியானம்) பயிற்சிக்குப் பின் ஹிப்போகாம்பஸில் சாம்பல் பொருள், அதாவது நரம்பணுக்கள் செறிந்த திசு, அடர்த்தி கூடியதாக 16 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. மூளை இளமையாகிறது என்ற பேச்சு பரவ இவையும் ஒரு காரணம்.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. 200 பேருக்கு மேல் சேர்த்து விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2022இல் வெளியிட்டதில், அதே 8 வாரப் பயிற்சி மூளையின் அமைப்பை மாற்றியதாகத் தெரியவில்லை. அதே ஆண்டு பிரான்சிலிருந்து வந்த ஆய்வில், 65 வயதைக் கடந்தவர்கள் 18 மாதம் தியானம் பழகினார்கள். எதிர்பார்த்த மூளைப் பகுதிகளின் அளவிலோ ரத்த ஓட்டத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் கவனத்தை நிலைநிறுத்துவது, பிறரோடு பரிவாக இருப்பது, தன்னை அறிந்துகொள்வது ஆகியவற்றைச் சேர்த்து அளந்தபோது, ஒப்பிடுவதற்காக ஆங்கிலம் கற்ற குழுவைவிட அவர்கள் முன்னேறியிருந்தார்கள். அமெரிக்காவில் 65 முதல் 84 வயது வரையுள்ள, தங்களுக்கு மறதி கூடுகிறது என்று கவலைப்பட்ட 585 பேரை வைத்து நடந்த ஆய்வும் 2022இல்தான் வந்தது. மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியோ உடற்பயிற்சியோ இரண்டும் சேர்ந்தோ, 6 மாதத்தில் நினைவுச் சோதனை மதிப்பெண்ணை உயர்த்தவில்லை.

இதைப் படித்துச் சோர்ந்துபோக வேண்டாம். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானம் ஓரளவு குறைக்கிறது என்பதை, 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டின் தொகுப்பு காட்டியது. தூக்கம் கெட்ட முதியவர்களுக்கு மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி தூக்கத்தை மேம்படுத்தியதாக 2015இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. 2012இல் இன்னொரு சிறிய ஆய்வில் முதியவர்களின் தனிமை உணர்வு குறைந்தது. நல்ல தூக்கம், குறைந்த பதற்றம், மனிதர்களோடு பழகும் விருப்பம் ஆகியவை எல்லாம் மூளைக்கு வேண்டியவை. பலன் வருவது இந்தச் சுற்றுவழியில்தான்.

படி 4: உட்காருவது

தரையில்தான் உட்கார வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முழங்கால் வலியோடு போராடினால் பத்து நிமிடமும் அந்த வலியைப் பற்றித்தான் நினைப்பீர்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி போதும். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியட்டும், எட்டவில்லை என்றால் ஒரு மடித்த போர்வையைக் கீழே போடுங்கள். முதுகு நிமிர்ந்திருக்கட்டும், விறைப்பு வேண்டாம். கண்ணை மூடினால் தூக்கம் வருகிறதா? பாதி திறந்து தரையைப் பாருங்கள்.

சாப்பிட்ட உடனே வேண்டாம். காலையில் முகம் கழுவியதும், செய்தி பார்ப்பதற்கு முன், 10 நிமிடம். அலாரம் சத்தம் மென்மையானதாக இருக்கட்டும்.

முதல் இரண்டு மூன்று நிமிடம் மூச்சை மட்டும் மெதுவாக்குங்கள். மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூக்கால் உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் பயிற்சிகள் இதில் இல்லை. ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைச் செய்யவே கூடாது. எண்ணுவது மூச்சுமுட்டலைக் கொடுத்தால், மூன்றுக்கு நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுங்கள். மூச்சு தன்பாட்டில் வந்து போகட்டும். மூக்கு நுனியிலோ வயிற்றிலோ, எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே கவனத்தை வையுங்கள். உள்ளே போகிறது, தெரிகிறது. வெளியே வருகிறது, தெரிகிறது. மூன்றாவது மூச்சிலோ நாலாவதிலோ மனம் கிளம்பிவிடும். கேஸ் அணைத்தோமா? அவன் ஏன் நேற்றுப் போன் பண்ணவில்லை? பண்ணினாலும் முதலில் பேரன் படிப்பைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வானோ? இப்படி முழு உரையாடலும் ஓடி முடிந்த பிறகுதான், அட, மூச்சைப் பார்க்க அல்லவா உட்கார்ந்தோம் என்று உறைக்கும்.

அந்த உறைக்கும் நொடியைத் தவறவிடாதீர்கள், பயிற்சியின் மையம் அதுதான். அந்த நொடியில் பலரும் தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள், எனக்கு மனம் நிற்காது, இது எனக்குச் சரிவராது என்று. திட்டுவதும் ஒரு சிறிய அழுத்தம்தான். எங்கே போனது என்று மனதுக்குள் ஒரு சொல்லில் பெயர் வையுங்கள், "திட்டமிடல்", "பயம்", "பழைய கதை" என்று. பிறகு அடுத்த மூச்சுக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் இருபது முறை போய் இருபது முறை திரும்பினால் அது நல்ல அமர்வு. ஓடும் எண்ணத்தை நடுவிலேயே அடையாளம் கண்டு கீழே வைக்கும் இந்தப் பழக்கம்தான் பிறகு பகலில் கவலை தங்கும் நேரத்தைக் குறைக்கிறது.

எல்லோருக்கும் மூச்சு ஒத்துவராது. ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மூச்சைக் கவனித்தால் பயம் கூடலாம், அவர்கள் உள்ளங்கால் தரையில் படும் உணர்வைக் கவனிக்கட்டும். காதில் இரைச்சல் கேட்பவர்களுக்கு முழு அமைதியில் அந்த இரைச்சலே பெரிதாகும். ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே கேட்கும் ஒலிகளைக் கவனிக்கலாம். பிடித்த ஒரு சொல்லையோ பிரார்த்தனை வரியையோ வெளிமூச்சோடு மெல்லச் சொல்லிக்கொண்டிருப்பதும் சரிதான். ஹார்வர்டில் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் பரிந்துரைத்த முறையே ஏறக்குறைய அதுதான். முடித்ததும் சட்டென்று எழ வேண்டாம், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தலை சுற்றலாம். கை கால்களை அசைத்து, அரை நிமிடம் கழித்து எழுந்திருங்கள்.

படி 5: பகலுக்குள் கொண்டுவருவது

காலையில் பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மீதி நாள் முழுக்கப் பொரிந்து தள்ளினால் பயனில்லை. போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன் ஒரு நீண்ட வெளிமூச்சு. மருத்துவமனையில் பெயர் கூப்பிடும்வரை பாதங்களைக் கவனிப்பது. பெயர் ஞாபகம் வராத அந்த நொடியில் தேடுவதை நிறுத்திவிட்டு, ஒரு மூச்சு விட்டு, "பெயர் சட்டென்று வரவில்லை, சொல்லுங்களேன்" என்று கேட்டுவிடுவது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பதற்றம் அங்கேயே முடிந்துவிடும்.

படி 6: இரவு

மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடுகிறோம், அந்தக் கணக்கே எழுப்பிவிடுகிறது. கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களில் தொடங்கிக் கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொரு இடமாகக் கவனத்தை நகர்த்துங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மூச்சு. பிறகு வலது கால், வயிறு, மார்பு, கைகள், தோள், தாடை. தாடை பலருக்கும் இறுகியே இருக்கும். தூங்க வேண்டும் என்று செய்யாதீர்கள், படுத்திருக்கும் உடம்பைப் பார்ப்பதற்காக மட்டும் செய்யுங்கள். வெகு நேரம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்ப வாருங்கள். ஆழ்ந்த தூக்கத்தில்தான் பகலின் நினைவுகள் நிலைபெறுகின்றன. என்னைக் கேட்டால், முதியவர்களுக்கு இந்த ஒரு படி மட்டும் கைவந்தாலே போதும்.

படி 7: மனிதர்களை உள்ளே கொண்டுவருவது

சில வாரம் பழகிய பிறகு, அமர்வின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் எளிதாக அன்பு வரும் ஒருவர், பிறகு நீங்கள், பிறகு அதிகம் பழக்கமில்லாத ஒருவர். "நலமாக இருக்கட்டும், பயமின்றி இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். தீராத பகை உள்ளவரை உடனே இழுத்து வர வேண்டாம். அதற்கு நாள் இருக்கிறது. அமர்வு முடிந்ததும் நினைத்த ஒருவருக்குப் போன் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

படி 8: எட்டு வாரம்

ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பயிற்சி 8 வாரம் நீள்வது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் 45 நிமிடம். ஆய்வுகள் பலவும் அந்த அளவை வைத்துத்தான் நடந்தன. வீட்டில் தனியாகத் தொடங்குபவர் அவ்வளவுக்கு ஆசைப்பட வேண்டாம். டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் நோய்) வந்தவர்களைக் கவனித்துக்கொண்டவர்கள் தினமும் 12 நிமிடம் மந்திரம் சொல்லிச் செய்த தியானத்தை ஹெலன் லாவ்ரெட்ஸ்கி குழு ஆராய்ந்தது. 8 வாரத்தில் அவர்களுடைய மனச்சோர்வு குறைந்திருந்தது. முதல் இரண்டு வாரம் 10 நிமிடம், அடுத்த இரண்டு வாரம் 15, பிறகு முடிந்தால் 20. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வழக்கம்போல உட்காருங்கள், விட்டதைச் சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை.

நோட்டில் எழுத வேண்டியவை மூன்று. கவலை எவ்வளவு நேரம் தங்கியது, இரவில் எத்தனை முறை நெடுநேரம் விழித்திருந்தேன், இன்று யாரிடமாவது எரிந்து விழுந்தேனா. போனில் நினைவாற்றல் விளையாட்டுகளை வைத்து உங்களை நீங்களே சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைய தூக்கமும் மனநிலையும் அதில் அப்படியே தெரியும், தேவையில்லாத பயம்தான் மிஞ்சும்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்

தியானத்தால் கெடுதலே வராது என்பது உண்மையல்ல. 80க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் கட்டுரை, ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்குப் பதற்றம், மனச்சோர்வு போன்ற விரும்பாத விளைவுகள் வந்ததாகச் சொன்னது. பழைய பெரும் அதிர்ச்சி, மனச்சிதைவு, இருதுருவ நோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்டு, ஆசிரியர் ஒருவர் துணையோடுதான் தொடங்க வேண்டும். துணையை இழந்து சில வாரங்களே ஆனவருக்குக் கண்ணை மூடினால் துக்கம் மட்டுமே பொங்கலாம். அப்போது கண்ணைத் திறந்துகொண்டு, நடந்துகொண்டே செய்வது நல்லது. உட்காரும்போதெல்லாம் பயம் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். எந்த மருந்தையும் தியானத்தை நம்பி விடக்கூடாது.

எட்டு வாரம் கழித்து

நோட்டை எடுத்து முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்குவாதம் முன்பு இரவு வரை தங்கியது, இப்போது மதியத்தோடு போகிறது என்றால் தொடருங்கள். ஒரு மாற்றமும் இல்லை, உட்காருவதே கசப்பாக இருக்கிறது என்றால் தயங்காமல் விட்டுவிடலாம். அந்த 2014ஆம் ஆண்டின் தொகுப்பில்கூட, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளைவிடத் தியானம் மேல் என்று காட்டச் சான்று இருக்கவில்லை. 120 முதியவர்களை வைத்து 2011இல் வந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வரை நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்திருந்தது. சரிசெய்தால் டிமென்ஷியாவைத் தள்ளிப்போட உதவக்கூடிய ஆபத்துகள் என்று, லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14 காரணிகளில் காது கேளாமை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மனச்சோர்வு, உடலுழைப்பின்மை, தனிமை எல்லாம் இருக்கின்றன. தியானத்தை விட்டுவிட்டால், அதற்கு ஒதுக்கிய அந்த நேரத்தை நடைக்குக் கொடுங்கள். செவித்திறன் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.